ஒரு ஆப்ல இருந்துக்கிட்டே இன்னொரு ஆப்ல இருக்கறவங்கள ஃபாலோ பண்ண முடியுமா? ஃபெடிவர்ஸ் பத்தி முதல்ல இருந்து

போன மாசம் திருநெல்வேலில சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். புது போன் வாங்கியிருந்தாங்க, அதை செட் பண்ணிக் குடுக்கற வேலை எப்பவும் போல என்கிட்ட வந்துச்சு. பழைய போன்ல இருந்து காண்டாக்ட்ஸ் மாத்தி, எழுத்து சைஸைப் பெருசாக்கி, தமிழ் கீபோர்டு போட்டு முடிச்சு கைல குடுத்ததும் சித்தி கேட்டாங்க, "ஏய்யா, பாப்பா டான்ஸ் ஆடுனத அவ அம்மா ஏதோ ஒரு ஆப்ல போட்டிருக்காளாம், எங்கிட்ட அது கெடையாது, நான் வச்சிருக்கற ஆப்லயே அது தெரியற மாதிரி பண்ணிக் குடேன்."

அது வேற கம்பெனி சித்தி, அதுக்குத் தனியா அக்கவுண்ட் திறக்கணும்னு சொன்னேன். அவங்க விடல. "என் சிம் ஒரு கம்பெனி, உன் சிம் வேற கம்பெனி, நாம பேசலையா? இதுல மட்டும் என்ன?"

பத்து வருஷத்துக்கு மேல கேட்ஜெட்டு, ஆப்புன்னு எதையாவது நோண்டிக்கிட்டே இருக்கற ஆளு நான், ஆனா இந்த விஷயத்தை இவ்வளவு நேரா யாரும் என்கிட்ட கேட்டதில்ல. சித்தி கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி. இதுக்கு பதில் இருக்கு, அந்த பதிலுக்கு ஃபெடிவர்ஸ்னு ஒரு பேரும் இருக்கு. கம்ப்யூட்டர் படிக்காதவங்களுக்கும் புரியற மாதிரி அதைச் சொல்லிப் பாக்கறேன்.

சித்தி சொன்ன போன்ல இருந்தே தொடங்கலாம். நீங்க எந்த கம்பெனி சிம் வச்சிருந்தாலும் எந்த நம்பருக்கும் போன் போடலாம், ஏன்னா எல்லா கம்பெனியும் ஒரே விதமான விதிமுறைப்படி ஒருத்தருக்கு ஒருத்தர் லைனைக் கைமாத்திக்கறாங்க. இன்னொண்ணும் இருக்கு, 2011 ஜனவரி 20ல இருந்து நம்ம நாடு முழுக்க நம்பரை மாத்தாமலே கம்பெனியை மாத்திக்கலாம்னு ஆச்சு, 1900க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி போர்ட் பண்றோமே, அதான். அதுக்கு முன்னாடி கம்பெனி மாறணும்னா நம்பர் போயிடும். கடை போர்டுல பெயிண்ட்ல எழுதின நம்பர், கல்யாணப் பத்திரிகைல அச்சடிச்ச நம்பர், ஊர்ல நாலு பேர் டைரில குறிச்சு வச்ச நம்பர், எல்லாம் போயிடும்ங்கறதுக்காகவே டவர் சரியா கிடைக்காத சிம்மையே வருஷக்கணக்கா வச்சிருந்தவங்க எத்தனை பேர். சர்வீஸ் பிடிச்சதால யாரும் அங்க இருக்கல, நம்பர் மாட்டிக்கிச்சுங்கறதால இருந்தாங்க.

ஈமெயிலும் இதே மாதிரிதான். 1971ல ரே டாம்லின்சன் ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு மெயில் அனுப்பிப் பாத்தப்ப, ஆளோட பேரையும் அந்த ஆள் எந்த மெஷின்ல இருக்கார்ங்கறதையும் பிரிக்கறதுக்கு நடுவுல @ போட்டாரு. இன்னைக்கும் நம்ம மெயில் அட்ரஸ் அப்படியேதான் இருக்கு, முன்பாதி யாரு, பின்பாதி எந்த சர்வர். 1982ல எஸ்எம்டிபின்னு மெயில் கைமாத்தற விதிமுறை வந்துச்சு, அதுக்கு எந்த கம்பெனியும் முதலாளி கிடையாது. அதனாலதான் ஜிமெயில்ல இருக்கறவங்க யாஹூவுக்கு மெயில் போடலாம், யாஹூவுல இருக்கறவங்க ஒரு காலேஜ் மெயிலுக்குப் போடலாம், ஜிமெயில்ல இருக்கறவங்க ஜிமெயில்ல இருக்கறவங்ககிட்ட மட்டும்தான் பேசணும்னு யாராவது சொன்னா நமக்கே அது கோளாறா தெரியும்.

ஆனா சோஷியல் மீடியாவுல அந்தக் கோளாறையே சாதாரணம்னு எடுத்துக்கிட்டோம். அங்க மூணு விஷயம் ஒண்ணா சேத்து கட்டி வச்சிருக்காங்க. நாம கைல பிடிச்சுப் பாக்கற ஆப் ஒண்ணு, நம்ம போட்டோவும் எழுத்தும் தங்கியிருக்கற சர்வர் ஒண்ணு, யாரு யாரை ஃபாலோ பண்றாங்கங்கற உறவு ஒண்ணு. மூணும் ஒரே கம்பெனி பூட்டுக்குள்ள. இதுல மூணாவதுதான் ரொம்பப் பெருசு. போட்டோவை டவுன்லோட் பண்ணி எடுத்துட்டு வந்துடலாம், ஜிப் ஃபைலாவே குடுத்துடுவாங்க, ஆனா எட்டு வருஷமா சேந்த ஆட்களை ஜிப் ஃபைல்ல போட்டு எடுத்துட்டு வர முடியாது.

எனக்கு இது தெரிஞ்சது கஷ்டப்பட்டுத்தான். காலேஜ் படிக்கும்போது ஒரு சைட்ல எங்க ஊர்க்காரங்க குழு ஒண்ணு இருந்துச்சு, அந்த சைட் இப்ப இல்ல. துபாய்ல இருந்த எலக்ட்ரீஷியன் அண்ணன், சென்னைல வேலை தேடிட்டிருந்த பசங்க, ஊர்ல டியூஷன் எடுத்த ஒரு அக்கான்னு ஒரு நூறு நூத்தம்பது பேர் இருந்திருப்போம். எங்க ஊர் குளத்துக்கு எத்தனை மடை, எந்த மடைத்தண்ணி எந்த வயலுக்குப் போகும்னு அந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ரெண்டு மூணு வாரம் உக்காந்து நீளமா எழுதினாரு, அவங்க தாத்தா சொன்னதையெல்லாம் ஞாபகத்துல இருந்து எடுத்து. சைட் மூடப் போறோம்னு அறிவிப்பு வந்தப்ப நான் பரீட்சை நேரத்துல கவனிக்கல. கவனிக்கும்போது எதுவும் இல்ல. அந்த அண்ணனையும் அதுக்கப்புறம் என்னால கண்டுபிடிக்க முடியல, ஏன்னா அந்த சைட்ல இருந்த பேரைத் தவிர அவரைப் பத்தி எனக்கு வேற எதுவும் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் அந்த மடைக்கணக்கை நெனச்சா மனசு கஷ்டமாத்தான் இருக்கு.

ஒரு சைட் மூடறது அபூர்வமா நடக்கற விஷயமும் இல்ல. ஜியோசிட்டிஸ் 2009ல போச்சு, இந்தியாவுலயும் பிரேசில்லயும் கொடிகட்டிப் பறந்த ஆர்குட்டை 2014 செப்டம்பர் 30ல மூடினாங்க, கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல்ல போச்சு. மூடாம இருந்தாலும் கை மாறும், 2022 அக்டோபர்ல 4,400 கோடி டாலருக்கு ட்விட்டர் கை மாறினப்ப அதுல இருந்தவங்க யாரையும் யாரும் கேக்கல, அடுத்த வருஷம் ஜூலைல பேரே எக்ஸ்னு மாறிடுச்சு.

சரி, ஃபெடிவர்ஸுக்கு வருவோம். ஃபெடரேஷன், யுனிவர்ஸ் ரெண்டையும் ஒட்டி உண்டாக்கின வார்த்தை. ஆயிரக்கணக்கான தனித்தனி சர்வர், ஒவ்வொண்ணையும் நடத்தறது வேற வேற ஆளு, ஆனா எல்லாம் ஒரே விதிமுறைல பேசிக்கும், அவ்வளவுதான். மெயில் சர்வர்ங்க பேசிக்கற மாதிரியே. மெயிலுக்கு எஸ்எம்டிபி எப்படியோ, இதுக்கு ஆக்டிவிட்டிபப்னு ஒரு விதிமுறை. வெப்போட தரநிலைகளை முடிவு பண்ற டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரில அதை அதிகாரபூர்வமா வெளியிட்டுச்சு. யாரும் இதைப் பயன்படுத்தலாம், காசு கட்ட வேண்டாம், அனுமதி கேக்க வேண்டாம்.

இது திடீர்னு வந்ததும் இல்ல. 2008லயே எவன் புரோட்ரோமு ஐடென்டிகான்னு ஒண்ணு ஆரம்பிச்சாரு, ட்விட்டர் மாதிரியே சின்ன சின்னதா எழுதற இடம், ஆனா சர்வர்ங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற மாதிரி. அப்ப அதுக்கு வேற விதிமுறை இருந்துச்சு. பின்னாடி ஆக்டிவிட்டிபப் எழுதினவங்க பட்டியல்லயும் அவர் இருக்காரு. 2016ல ஜெர்மனில இருந்த ஆயிகன் ரோஷ்கோ மாஸ்டடான்னு ஒரு மென்பொருளை வெளியிட்டாரு, இன்னைக்கு ஃபெடிவர்ஸ்ல ரொம்பப் பேருக்குத் தெரிஞ்ச பேர் அதுதான். நிறைய பேர் மாஸ்டடானை ஒரு வெப்சைட்னு நெனச்சுக்கறாங்க. அது ஒரு மென்பொருள், யார் வேணும்னாலும் எடுத்துத் தன் சர்வர்ல போட்டு நடத்தலாம். அப்படி நடத்தற ஒவ்வொரு இடத்துக்கும் இன்ஸ்டன்ஸ்னு பேரு, நான் இங்க சர்வர்னே சொல்றேன், அது போதும்.

அட்ரஸ் எப்படி இருக்கும்னா, மெயில் அட்ரஸ்க்கு முன்னாடி இன்னொரு @ போட்ட மாதிரி இருக்கும். கவிதான்னு ஒருத்தர் மதுரை.உதாரணம்ங்கற சர்வர்ல இருக்காங்கன்னு வச்சுக்குவோம், அவங்க அட்ரஸ் @கவிதா@மதுரை.உதாரணம். நான் @நான்@நெல்லை.உதாரணம். ரெண்டு சர்வருக்கும் முன்னப்பின்ன பழக்கம் கிடையாது, ஒருத்தரை ஒருத்தர் கேள்விப்பட்டதே இல்ல.

இப்ப நான் கவிதாவை ஃபாலோ பண்ணணும். இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் நிதானமா பாக்கலாம், ஏன்னா இதுல நடக்கறதைப் புரிஞ்சுக்கிட்டா மிச்சம் எல்லாம் தானா புரிஞ்சிடும்.

என் ஆப்ல தேடற பெட்டில கவிதாவோட முழு அட்ரஸையும் போடறேன். என் சர்வர் அதோட பின்பாதியைப் பாக்கும், ஓகோ மதுரை.உதாரணமான்னு அந்த சர்வர் கதவைத் தட்டி, "கவிதான்னு யாராவது உங்ககிட்ட இருக்காங்களா?"ன்னு கேக்கும். இப்படி விசாரிக்கற முறைக்கு வெப்ஃபிங்கர்னு பேரு. அந்த சர்வர், "இருக்காங்க, இந்தா அவங்க விவரம்"னு ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலைக் குடுக்கும். அதுல அவங்க பேரு, படம், அவங்களுக்கு வர்றதைப் போட வேண்டிய இன்பாக்ஸ் எங்க இருக்கு, அவங்க கையெழுத்தைச் சரிபாக்கற பொதுச்சாவி எதுன்னு எல்லாம் இருக்கும். இப்ப நான் ஃபாலோ பட்டனை அமுக்கறேன். என் சர்வர் "இவர் கவிதாவை ஃபாலோ பண்ண விரும்பறாரு"ன்னு ஒரு சீட்டு எழுதி, என் பேர்ல டிஜிட்டல் கையெழுத்து போட்டு, கவிதாவோட இன்பாக்ஸ்ல போடும். மதுரை சர்வர் அப்படியே நம்பிடாது, என்னோட பொதுச்சாவியை என் சர்வர்ல இருந்து எடுத்து, கையெழுத்து என்னுதுதானான்னு ஒப்பிட்டுப் பாத்துட்டு, சரின்னா "ஏத்துக்கிட்டோம்"னு பதில் சீட்டு அனுப்பும். கவிதா தன் அக்கவுண்டைப் பூட்டி வச்சிருந்தா, அவங்க பாத்து சரின்னு சொன்ன பிறகுதான் அந்த பதில் வரும்.

அதுக்கப்புறம் கவிதா எதாவது எழுதினா, மதுரை சர்வர் தன்கிட்ட இருக்கற ஃபாலோயர் பட்டியலைப் பாத்து ஒவ்வொரு ஊர் சர்வருக்கும் ஒரு காப்பி அனுப்பும். நெல்லை சர்வர்ல முப்பது பேர் கவிதாவை ஃபாலோ பண்ணினாலும் முப்பது தடவை அனுப்ப வேண்டாம், பொது இன்பாக்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல ஒண்ணு போட்டா நெல்லை சர்வரே அந்த முப்பது பேருக்கும் காட்டிடும். நான் லைக் போட்டா லைக்னு ஒரு சீட்டு போகும், மறுபகிர்வு பண்ணினா அனவுன்ஸ்னு ஒரு சீட்டு, கவிதா எழுத்துப்பிழையைத் திருத்தினா அப்டேட்னு ஒரு சீட்டு, அழிச்சா டெலீட்னு ஒரு சீட்டு. முழுக்க முழுக்க சீட்டு அனுப்பறதும் வாங்கறதும்தான், நடுவுல எல்லாத்தையும் பாத்துக்கிட்டிருக்கற ஒரு பெரிய ஆபீஸ்னு ஒண்ணு கிடையாது.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, அந்தச் சீட்டு எந்த மென்பொருள்ல இருந்து வந்துச்சுங்கறதைப் பத்திக் கவலையே கிடையாது. போட்டோ போடறதுக்கு பிக்சல்ஃபெட்னு ஒண்ணு இருக்கு, வீடியோவுக்கு பியர்ட்யூப், ஒரு தலைப்புல கூடி விவாதிக்கறதுக்கு லெம்மி, படிச்ச புத்தகத்தைப் பத்தி எழுத புக்விர்ம். எல்லாம் ஆக்டிவிட்டிபப் பேசும். அதனால மாஸ்டடான்ல உக்காந்துக்கிட்டே பிக்சல்ஃபெட்ல போட்டோ போடற ஒருத்தரை ஃபாலோ பண்ணலாம், பியர்ட்யூப்ல வர்ற வீடியோவுக்குக் கீழ பதில் எழுதலாம், அந்த வீடியோ போட்டவருக்கு அது கமெண்டா போய்ச் சேரும். வேர்ட்பிரஸ்ல சொந்தமா சைட் வச்சிருக்கறவங்க ஒரு பிளகின் போட்டா அந்த சைட்டே ஃபாலோ பண்ணக்கூடிய ஒரு அக்கவுண்டா மாறிடும். மெட்டாவோட த்ரெட்ஸ்லகூட 2024ல இருந்து ஃபெடிவர்ஸுக்குப் பகிர ஒரு வசதி வச்சிருக்காங்க, ஆனா அது தானா நடக்காது, அந்த ஆள் செட்டிங்ஸ்ல போய் ஆன் பண்ணியிருக்கணும்.

அட்ரஸோட பின்பாதிக்கு இன்னொரு பயனும் இருக்கு. ஐரோப்பிய ஆணையம் தனக்குன்னு மாஸ்டடான் சர்வர் வச்சிருக்கு, ஜெர்மன் அரசாங்கத் துறைகளுக்குத் தனியா ஒண்ணு இருக்கு, பிபிசி 2023ல சோதனை முயற்சியா ஒண்ணு தொடங்கினாங்க. அந்த அட்ரஸ்ல பின்பாதி அவங்க சொந்த டொமைன், அதாவது இணையத்துல அவங்களுக்கே சொந்தமான பேரு. நீல டிக் யாருகிட்டயும் வாங்க வேண்டாம், டொமைன் அவங்களோடதுன்னா அக்கவுண்டும் அவங்களோடதுதான். நம்ம ஊர் மாநகராட்சியோ மழை எச்சரிக்கை குடுக்கற துறையோ இப்படித் தன் டொமைன்லயே ஒண்ணு வச்சா, மழை நேரத்துல போலி அக்கவுண்ட் எது நிஜம் எதுன்னு ஜனங்க தேட வேண்டியதில்லைன்னு நான் ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டிருக்கேன்.

இந்தியாவுல இதைப் பத்தி முதல்ல பெரிய பேச்சு வந்தது 2019 நவம்பர்ல. உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேவோட ட்விட்டர் அக்கவுண்டை முடக்கினதும் கோவப்பட்டு நிறைய பேர் மாஸ்டடானுக்கு வந்தாங்க. கொஞ்ச நாள்ல பாதிப்பேர் திரும்பிப் போயிட்டாங்க, அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, நம்ம ஆளுங்க எங்க இருக்காங்களோ அங்கதானே மனசு போகும். 2022ல வந்த அலை அதைவிடப் பெருசு, அக்டோபர்ல மாசத்துக்கு 3 லட்சம் பேர் அளவுல பயன்படுத்திட்டிருந்த மாஸ்டடான் நவம்பர்ல 25 லட்சம் ஆச்சுன்னு ரோஷ்கோவே சொன்னாரு. சின்ன சின்ன சர்வர் எல்லாம் திணறிப்போய், நடத்தறவங்க ராத்திரி தூங்காம மெஷின் கூட்டிக்கிட்டிருந்தாங்க.

சரி, எந்த சர்வர்ல சேர்றது? புதுசா வர்றவங்க எல்லாரும் தடுக்கி விழற இடம் இதுதான். ரொம்ப யோசிக்க வேண்டாம், பின்னாடி மாத்திக்கலாம். பாக்க வேண்டியது ரெண்டு மூணுதான். அந்த சர்வரோட விதிகள் என்ன, யாரு நடத்தறாங்க, செலவை எப்படி சமாளிக்கறாங்கன்னு அறிமுகப் பக்கத்துல எழுதியிருப்பாங்க, அது தெளிவா எழுதியிருந்தா நல்ல அறிகுறி. பெரும்பாலான சர்வர் நன்கொடைல ஓடுது. விளம்பரம் கிடையாது, அதனால யாராவது ஒருத்தர் கைக்காசு போட்டுக்கிட்டிருக்காங்கன்னு அர்த்தம், முடிஞ்சவங்க மாசம் ஒரு டீக்காசாவது குடுங்க.

சர்வர் நடத்தறவருக்கு அட்மின்னு பேரு. அவருக்கு நிறைய அதிகாரம் உண்டு. வேற ஒரு சர்வர்ல இருந்து வெறுப்புப் பேச்சும் ஸ்பேமுமா வந்தா, அந்த சர்வரோட பேச்சையே மொத்தமா துண்டிக்கலாம். 2019ல வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போன கேப்ங்கற தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறினப்ப, எண்ணிக்கைல அதுதான் பெருசு, ஆனாலும் மத்த பெரும்பாலான சர்வர் எல்லாம் அதைத் துண்டிச்சு விட்டுட்டாங்க, டஸ்கி மாதிரி சில மாஸ்டடான் ஆப்ல அந்தத் தளத்து ஆளுங்களை லாகினே பண்ண விடல. மென்பொருளை யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், ஆனா உங்களோட பேசணுமான்னு முடிவு பண்ற உரிமை மத்தவங்களுக்கும் இருக்கு. இது எனக்கு ஒரு ஊருக்குள்ள நடக்கற மாதிரிதான் தெரியுது, மேல ஒருத்தர் உத்தரவு போட்டு நடக்கறதைவிட இது தேவலாம்.

ஆனா அட்மினால முடியற இன்னொண்ணையும் கண்டிப்பா தெரிஞ்சு வச்சுக்கணும். மாஸ்டடான்ல தனிப்பட்ட மெசேஜ்னு ஒண்ணு இருக்கே, அது பூட்டின கவர்ல போகற கடிதம் கிடையாது, போஸ்ட் கார்டு. உங்க சர்வர் அட்மினும், மறுபக்கத்து சர்வர் அட்மினும் நெனச்சா படிக்க முடியும். ஆதார் நம்பர், வீட்டு விலாசம், குடும்ப விஷயம் எல்லாம் அதுல வேண்டாம், அதுக்கு சிக்னல் மாதிரி ஒரு ஆப் வச்சுக்கோங்க. அதே மாதிரி அழிக்கறதும். நீங்க அழிச்சா டெலீட் சீட்டு எல்லா ஊருக்கும் போகும், பெரும்பாலும் எல்லாரும் அழிச்சிடுவாங்க, ஆனா மூலைல ஒரு சர்வர் கேக்காம வச்சிருந்தா உங்களால ஒண்ணும் பண்ண முடியாது.

சர்வரும் மூடும். சில சர்வர் மூடத்தான் செய்யும், நடத்தறவங்களுக்கு உடம்பு முடியாம போகலாம், காசு தீரலாம். 2024 பிப்ரவரில க்வியர்.ஏஎஃப்னு ஒரு சர்வர் ஒரே நாள்ல நின்னு போச்சு, அந்த .ஏஎஃப்ங்கறது ஆப்கானிஸ்தானோட டொமைன், தாலிபான் அரசு அதை நிறுத்திடுச்சு. அதனால சேர்றதுக்கு முன்னாடி டொமைனோட கடைசி எழுத்தையும் ஒரு பார்வை பாத்துக்கோங்க. முறையா மூடற அட்மின் மாசக்கணக்குல முன்னாடியே சொல்லிடுவாங்க, அந்த நேரத்துல புது சர்வர்ல அக்கவுண்ட் திறந்து, பழசுல போய் "இங்கிருந்து அங்க மாறிட்டேன்"னு குடுத்தா, மூவ்னு ஒரு சீட்டு உங்க ஃபாலோயர்ஸ் எல்லாரோட சர்வருக்கும் போகும், அவங்க எதுவும் பண்ண வேண்டாம், தானா புது அட்ரஸை ஃபாலோ பண்ண ஆரம்பிச்சிடும். எழுதின பழைய போஸ்ட் மட்டும் கூடவே வராது, அது இன்னும் ஒரு குறைதான், காப்பி எடுத்து வச்சுக்கலாம். ஆனா ஆட்கள் வந்துடுவாங்க. எங்க ஊர்க்குழுவுக்கு அன்னைக்கு இது இருந்திருந்தா, மடைக்கணக்கு போயிருந்தாலும் அந்த அண்ணன் இருந்திருப்பாரு, திரும்ப எழுதச் சொல்லிக் கேட்டிருப்பேன்.

முதல் நாள் உள்ள போனா வெறுமையா இருக்கும், பயப்படாதீங்க. நீங்க யாரை ஃபாலோ பண்றீங்களோ அவங்க எழுதறது மட்டும், எழுதின நேர வரிசைல வரும். உங்களுக்கு இது பிடிக்கும்னு எதையும் கொண்டுவந்து திணிக்கறது கிடையாது. அதனால ஹேஷ்டேக்தான் இங்க உயிர், தமிழ்னு, பறவைகள்னு, சமையல்னு ஹேஷ்டேகையே ஃபாலோ பண்ணலாம், நீங்க எழுதும்போதும் மறக்காம போடுங்க. ஒவ்வொரு போஸ்டுக்கும் மொழி எதுன்னு தேர்வு பண்ண இடம் இருக்கு, அதுல தமிழ்னு வைங்க, தமிழ் மட்டும் பாக்கணும்னு வடிகட்டி வச்சிருக்கறவங்களுக்கு அப்பதான் போய்ச் சேரும். 500 எழுத்து வரைக்கும் எழுதலாம், சில சர்வர்ல அதைவிட அதிகமாவே விடறாங்க.

இப்ப கேட்ஜெட் பக்கம், எனக்குக் கை பரபரன்னு இருக்கற இடம் இது. சர்வரும் ஆப்பும் தனித்தனிங்கறதால எந்த ஆப்ல வேணும்னாலும் உள்ள போகலாம். ஆண்ட்ராய்டுல டஸ்கி இருக்கு, ஃபெடிலேப் இருக்கு, ஐபோன்ல ஐவரி இருக்கு, ஒண்ணு பிடிக்கலன்னா இன்னொண்ணு, அக்கவுண்ட் அதேதான். 2023 ஜனவரில ட்விட்டர் வெளியாளுங்க பண்ணின ஆப் எல்லாத்தையும் நிறுத்தினப்ப, அதுல ட்வீட்பாட் பண்ணிக்கிட்டிருந்தவங்கதான் இந்த ஐவரியைக் கொண்டுவந்தாங்க. பழைய போன்ல இலேசான ஆப், பெரிய ஸ்க்ரீன்ல நாலு பத்தி விரிச்சுப் பாக்கற ஆப், பார்வை குறைஞ்சவங்களுக்குப் பொருத்தமா ஒண்ணுன்னு அவங்கவங்க தேவைக்கு யாரோ ஒருத்தர் செஞ்சு வச்சிருக்காங்க.

நான் இன்னும் ஒரு படி போய் சர்வரையே வீட்ல வச்சிருக்கேன். டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி மோடத்துக்குப் பக்கத்துல ரஸ்பெர்ரி பை 4னு ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், சீட்டுக்கட்டு சைஸ்ல இருக்கும். மாஸ்டடான் அதுக்குக் கொஞ்சம் கனம், போஸ்ட்கிரெஸ், ரெடிஸ்னு கூடவே வேற நாலஞ்சு மென்பொருளும் ஓடணும், அதனால கோடுசோஷியல்னு இலேசான ஒண்ணு போட்டிருக்கேன், ஒருத்தர் ரெண்டு பேருக்கு அது தாராளம். மெமரி கார்டுல டேட்டாவை வைக்காதீங்க, எழுதி எழுதிச் சீக்கிரம் செத்துடும், சின்ன எஸ்எஸ்டி ஒண்ணு யுஎஸ்பில மாட்டிக்கோங்க. வீட்டு பிராட்பேண்டுல வெளிய இருந்து நேரா உள்ள வர ஐபி அட்ரஸ் பல இடத்துல கிடைக்காது, ஒரே அட்ரஸை நிறைய வீட்டுக்குப் பங்கு போட்டுக் குடுப்பாங்க, அதுக்கு வெளிய ஒரு சின்ன வாடகை சர்வர் எடுத்து அங்கிருந்து வீட்டுக்கு ஒரு சுரங்கப்பாதை மாதிரி போட வேண்டியிருக்கும். இதெல்லாம் ஆர்வம் இருக்கறவங்களுக்கு மட்டும், முதல் நாளே இதுல இறங்காதீங்க.

பராமரிப்புன்னு காலைல 9 மணிக்குக் கரண்ட் எடுத்தா சாயந்தரம்தான் வருமில்லையா, அப்படி ஒரு நாள் என் சர்வர் முழுக்க அணைஞ்சு கிடந்துச்சு. கரண்ட் வந்து ரஸ்பெர்ரி பை பச்சை லைட்டை சிமிட்ட ஆரம்பிச்சதும், சர்வர்ல நடக்கறதெல்லாம் வரிவரியா பதிவாகற ஃபைலைத் திறந்து வச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு நிமிஷம் ஒண்ணுமில்ல. அப்புறம் ஒரு சீட்டு வந்துச்சு, அப்புறம் ரெண்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ராத்திரி வரைக்கும் வந்துக்கிட்டே இருந்துச்சு, ஜப்பான்ல இருந்து ஒண்ணு, பிரான்ஸ்ல இருந்து ஒண்ணு, காலைல 10 மணிக்கு எழுதினது எல்லாம். என் சர்வர் பதில் சொல்லலன்னதும் அவங்க சர்வர்ங்க சீட்டைத் தூக்கிப் போடாம, கொஞ்சம் கொஞ்சமா இடைவெளியைக் கூட்டிக்கிட்டே திரும்பத் திரும்ப வந்து கதவைத் தட்டிப் பாத்திருக்கு. வீட்டுல ஆள் இல்லன்னா மறுபடி வர்ற தபால்காரர் மாதிரி.

ப்ளூஸ்கைன்னு இன்னொரு சோஷியல் மீடியா இருக்கே, அதுவும் இதுதானேன்னு கேப்பாங்க. அதே நோக்கம், வேற பாதை. அது ஏடி புரோட்டோக்கால்னு தனி விதிமுறைல ஓடுது, 2024 பிப்ரவரில இருந்து அழைப்பு இல்லாமலே யாரும் சேரலாம்னு ஆச்சு. அங்க நீங்க எழுதினதையும் சேத்து வேற சர்வருக்குத் தூக்கிக்கிட்டுப் போகலாம்ங்கறது ஃபெடிவர்ஸைவிட நல்ல விஷயம்னே நான் நெனக்கறேன், ஆனா நடைமுறைல பெரும்பாலானவங்க இன்னும் அந்த ஒரே கம்பெனி நடத்தற சர்வர்லதான் இருக்காங்க. ரெண்டுக்கும் நடுவுல பாலம் போடற சேவையும் இருக்கு, பிரிட்ஜி ஃபெட்னு.

சித்தி கதைக்கு வர்றேன். அன்னைக்கு ராத்திரியே பாப்பாவோட அம்மாவுக்கு, அதான் என் தங்கச்சிக்குப் போன் போட்டு, பாப்பா படத்தை பிக்சல்ஃபெட்லயும் போட முடியுமா, அக்கவுண்டைப் பூட்டி வச்சுக்கோ, நம்ம வீட்டாளுங்களுக்கு மட்டும் திறந்தா போதும்னு சொன்னேன். அவ பெங்களூர்ல இருந்தே பத்து நிமிஷத்துல திறந்துட்டா. சித்திக்கு என் வீட்டு சர்வர்லயே ஒரு அக்கவுண்ட் குடுத்து, டஸ்கியைப் போட்டு, தமிழ்ல மாத்தி வச்சேன். அட்ரஸை நான் சொல்லச் சொல்ல சித்தியே ஒவ்வொரு எழுத்தா அடிச்சாங்க, ரெண்டு @ எதுக்குன்னு கேட்டாங்க, ஒண்ணு ஆளுக்கு, ஒண்ணு ஊருக்குன்னு சொன்னதும் சரின்னு தலையாட்டினாங்க. ஃபாலோ அமுக்கினாங்க, தங்கச்சி அந்தப் பக்கம் ஏத்துக்கிட்டா, ஆனா பக்கம் காலியா இருந்துச்சு. "ஒண்ணுமே வரலையேய்யா?" ஃபாலோ பண்றதுக்கு முன்னாடி போட்டது வராது சித்தி, இனிமே போடறதுதான் வரும்னு விளக்கினேன், அவங்க முகத்துல நம்பிக்கை இல்ல.

மறுநாள் காலைல நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கிட்டிருக்கேன், அடுப்படில இருந்து சத்தம். பாப்பா சலங்கை கட்டிக்கிட்டு ஒரு காலைத் தூக்கி நிக்கற படம் டஸ்கில வந்திருக்கு. சித்தி கரண்டியை வச்சுட்டு ஈரக்கையைச் சேலைல துடைச்சுக்கிட்டு, "நல்லா இருக்குடி தங்கம், இடது கை இன்னும் கொஞ்சம் மேல"ன்னு அடிச்சு அனுப்பினாங்க. என் வீட்டு டிவிக்குப் பின்னாடி இருக்கற ரஸ்பெர்ரி பைல இருந்து அந்தச் சீட்டு கிளம்பி பிக்சல்ஃபெட் சர்வருக்குப் போயி, தங்கச்சி போன்ல படத்துக்குக் கீழ கமெண்டா போய் உக்காந்துச்சு. நான் பஸ் ஏறி தாழையூத்து தாண்டறதுக்குள்ள பதில் வந்துடுச்சுன்னு சித்தி போன் பண்ணினாங்க, இடது கையைத் தூக்கி இன்னொரு படம்.